கடைக்குச் சுத்திப் போட்ட கதை

எனக்குச் சளி பிடித்திருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் என்னை அடுப்படிப் பக்கம் விடமாட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள்கள் இதைப் பார்த்துவிட்டு, மாமாவின் உடம்பின் மேல் இந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்து போவார்கள். பிறகு யாராவது அவர்களைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம் அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையே வேறு. சொல்கிற ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு பிடி மிளகாயைக் கூட்டிச் சொல்வதால், இன்றைய தேதியில் அந்தக் கதையில் பாதிக் கோலாலம்பூர் இருமிக்கொண்டிருக்கிறது. அது கிள்ளான் வரை பரவுவதற்குள் நடந்ததை நானே எழுதி வைத்துவிடுவது நல்லது என்று பட்டது.

நான் பிறவிக் கவலைக்காரன். மழை பெய்தால் வெள்ளம் வருமோ என்றும், பெய்யாவிட்டால் கிணறு வற்றுமோ என்றும் கவலைப்படுவேன். இளம் வயதில் ஒருமுறை ரயிலுக்கு வெகுநேரம் முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டு, வந்து நின்ற ரயில் நம்முடைய ரயில்தானா என்று யோசித்துக்கொண்டே நின்று, அதை வழியனுப்பிவிட்டு வீடு திரும்பியிருக்கிறேன். (அது நம்முடைய ரயில்தான்.)

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பா காய்ச்சலில் போய்விட்டதும், அம்மா இடியாப்பம் அவித்து ரயில்வே வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்; நான் மசாலைக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு கடை வரிசையில் இருந்தது அந்தக் கடை. முப்பதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது மீசை அரும்பியும் அரும்பாமலும் இருந்தது. அதைப் பற்றியும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளி பெயர் வைத்திலிங்கம். நல்ல மனிதர். தொண்டையை மட்டும் ஆண்டவன் அளவு பார்க்காமல் வைத்துவிட்டான். அவர் ரகசியம் பேசினால் ரயில்வே கேட்டில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். எங்கள் கடைக்கு அடுத்து ஒரு காலிமனை. அதற்கடுத்து, ஒரு கடைவீட்டின் மாடியில் தமிழ்ப் பள்ளிக்கூடம். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்ததாகச் சொன்னேனே, அதே பள்ளிக்கூடம்தான். மூலையில் ஒரு சீனரின் கோப்பிக் கடை.

காலிமனை போர்டுக்குச் சொந்தமானது. போர்டு என்றால், அந்தக் காலத்தில் ஊரின் சாக்கடை முதல் கடை லைசென்ஸ் வரை சகலத்தையும் பார்த்துக்கொண்ட அரசாங்க ஆபீஸ். ஆனால் அந்த மனையை வருஷக்கணக்காக ஆண்டுகொண்டிருந்தவர் எங்கள் முதலாளி. வெயிலில் மல்லியும் மஞ்சளும் அங்கேதான் காயும். மாட்டுவண்டிகள் அங்கேதான் வந்து நிற்கும். மனையின் பின்கோடியில், தண்டவாளத்தை ஒட்டி, செங்கல்லால் கட்டிய வறுக்கிற அடுப்பு ஒன்றும் இருந்தது.

அந்த மனையைத்தான் பள்ளிக்கூடம் கேட்டது.

கேட்டவர் ஞானமுத்து வாத்தியார். ஒல்லியான மனிதர், காதில் பென்சிலுக்குப் பதிலாகச் சாக்குக்கட்டி செருகியிருப்பார். மாடியில் பையன்களுக்கே உட்கார இடமில்லை. மனையில் ஒரு அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டுவிட்டால் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு தொடங்கலாம் என்பது அவருடைய கனவு. ஆனால் போர்டு அப்போது புதிதாக ஊருக்கு ஒரு படம் போட்டு, இன்ன தெரு குடியிருக்க, இன்ன தெரு வியாபாரத்துக்கு என்று பிரித்துவைத்திருந்தது. எங்கள் வரிசை வியாபாரத்துக்கு. பழைய பள்ளிக்கூடம் மாடியில் இருந்துவிட்டுப் போகலாம், கீழே இறங்கி விரிவாக்குவதென்றால் போர்டு சம்மதிக்கவேண்டும், பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்சேபம் சொல்லலாம் என்று சட்டம்.

சொல்லலாம் என்றதும் எங்கள் முதலாளி சொன்னார். பிள்ளைகள் போடும் கூச்சலில் வியாபாரமே நடக்கவில்லை, காது கொடுத்து ஒரு வாடிக்கைக்காரரோடு பேச முடியவில்லை என்று மனு எழுதவைத்து, வரிசை முழுக்கக் கையெழுத்து வாங்கினார். (கூச்சலைப் பற்றி அவர் புகார் செய்ததை நினைத்து அந்த ரயில்வே கேட்டுக்காரர் என்ன நினைத்திருப்பாரோ.) மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். நான் நிதானமாக என் பெயரை முழுதாக எழுதினேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட எழுத்தை வெளியுலகில் நான் முதன்முதலாகப் பயன்படுத்தியது, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிராகத்தான்.

வாத்தியாரும் ஒரு மனு கொண்டுவந்தார். கோப்பிக் கடைக்காரச் சீனர், எங்களுக்குத் தவுக்கே, இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். அதெப்படி என்று முதலாளி சண்டைக்குப் போனபோது, "டுவா டுவா மினும் கோப்பி" என்று மட்டும் சொன்னாராம். ரெண்டு கட்சியும் கோப்பி குடிக்கிறது, நான் என்ன செய்ய என்று அர்த்தம். அந்தத் தெருவில் நிம்மதியாகத் தூங்கியவர் அவர் ஒருவர்தான்.

எனக்குத் தூக்கம் போனதற்குக் காரணம் வீட்டில் இருந்தது. என் தங்கை பாக்கியம். அப்போது ஒன்பது வயதோ பத்தோ. காலையில் வாத்தியாருக்கு இடியாப்பம் கொடுக்கப் போகிறவள் பாத்திரத்தைத் திருப்பி வாங்குகிற சாக்கில் மாடிப்படியின் அடியிலேயே நின்றுவிடுவாள். மேலே பையன்கள் சொல்வதையெல்லாம் கீழே இவள் முணுமுணுப்பாள். வாய்பாடு பூராவும் தலைகீழ்ப் பாடம். பதினோராம் வாய்பாடு மட்டும் அரைகுறை. அவர்கள் அதைச் சொல்லுகிற நேரத்தில் தினமும் கிள்ளான் ரயில் போகும்.

அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் பெண்பிள்ளை வகுப்பு வந்தால் போகட்டும். வராவிட்டால் அடுத்த வருஷம் கூடையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வரவேண்டியதுதான், அதற்குமேல் வயசுப் பெண்ணை யார் பள்ளிக்கூடம் அனுப்புவது என்று. பாக்கியம் அழவில்லை. அன்று எனக்குச் சோறு போடும்போது தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, நீ எங்க பக்கமா, கடைப் பக்கமா?"

"மொதல்ல சோத்தப் போடு."

"பக்கத்தச் சொல்லு, போடுறேன்."

அன்று நான் பட்டினி.

வேறென்ன செய்வேன்? மனை போனால் கடைக்கு வறுக்க இடமில்லை. வறுக்க இடமில்லையென்றால் வறுக்கிற எனக்கு வேலையில்லை. எனக்கு வேலையில்லையென்றால் வீட்டில் இடியாப்பத்துக்கு அரிசியில்லை. மனை போகாவிட்டால் பாக்கியத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? ஒரு வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாமல் பத்துமலைக்குப் போய், முதலாளி ஜெயித்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். படியிறங்கும்போது மனசு கேட்கவில்லை. திரும்ப ஏறிப்போய், தங்கைக்கு இடம் கிடைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்றும் வேண்டிக்கொண்டு வந்தேன். தவுக்கேயைப் போல முருகனையும் இரண்டு மனுவில் கையெழுத்துப் போடவைத்தவன் நான்.

இடத்தை நேரில் பார்த்து முடிவு சொல்ல போர்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வருவதாகச் செய்தி வந்தது. முதலாளி போர்க்கால ஏற்பாடுகளில் இறங்கினார். மனை முழுக்க மூட்டைகள். தெரிந்தவர்களின் வண்டிகளெல்லாம் மாடுகளோடு வரிசையாக. வாங்க ஆளில்லாவிட்டாலும் விலை கேட்க ஆள் வேண்டுமென்று சொந்தக்காரர்களை வரச்சொல்லியிருந்தார். எனக்கு அடுப்பங்கரைப் பொறுப்பு. மல்லியை மட்டும் இளஞ்சூட்டில் வறு, துரை மூக்குக்கு வாசனையாக இருக்கட்டும், மிளகாயைத் தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்று உத்தரவு. மிளகாய் மூட்டைகள் பார்வைக்காக மட்டும் அடுப்பருகில் அடுக்கப்பட்டன. கப்பலில் வந்து கிள்ளான் வழியாக ரயிலேறி அந்த வாரம்தான் இறங்கிய சரக்கு. காய்ந்து, கையில் எடுத்தாலே கலகலவென்று சத்தம் போடும்.

துரை வருகிற நாள் விடிகாலையில் எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வாசலில் கால் வைத்ததும் பூனை குறுக்கே போனது. திரும்பிவந்து இன்னொரு தரம் ஊற்றிக்கொண்டேன். விளைவு, கடைக்குப் போவதற்குள் மூக்கு இரண்டும் சுவர் வைத்து அடைத்தது போலாகிவிட்டது. அம்மா விடவில்லை. நெற்றியிலும் மூக்கிலும் மூக்குக்குள்ளும் தைலத்தைப் பூசி, அப்பாவின் பழைய கம்பளி மப்ளரைத் தலையோடு முகத்தில் சுற்றிக் கட்டி அனுப்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. துக்க வீட்டிலிருந்து நேராக வந்தவன் மாதிரி அடுப்படியில் நின்றேன்.

துரை வந்தார். கூடவே மொழிபெயர்க்க நல்லதம்பிக் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா. இவர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, கையில் குடை. முதலாளி மனையின் நடுவில் நின்று தன் வழக்கைச் சொல்லத் தொடங்கினார். அடுப்படியில் இருந்த எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. பிள்ளைகளின் சத்தத்தைத் துரையே இப்போது கேட்கட்டும் என்று சொல்லி முடித்துக் கையை மாடிப் பக்கம் நீட்டினார்.

மாடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

வாத்தியார் பிழைக்கத் தெரிந்தவர். அன்று எல்லோருக்கும் சிலேட்டில் எழுதுகிற வேலை கொடுத்திருந்தார். துரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். குருவி கத்தியது. முதலாளி இன்னும் உரக்க, தினமும் இப்படியில்லை என்றார். கிராணி அதை மொழிபெயர்க்காமல் அவரைப் பார்த்தார்.

"முதலாளி, இஞ்ச சத்தமெண்டால் உங்கட சத்தம் மட்டுந்தான் கேக்குது."

அந்த நேரம் பார்த்து வரிசையாக நின்ற மாடுகளில் ஒன்று மல்லி காய்கிற பாயின் மேல் சாவதானமாகப் படுத்துக்கொண்டது. விலை கேட்க வந்த சொந்தக்காரர் ஒருவர் மூட்டை தடுக்கித் துரையின் காலடியில் விழுந்தார். முதலாளியின் முகம் மாறியது. விறுவிறுவென்று என்னிடம் வந்து, தனக்குத் தெரிந்த ரகசியக் குரலில் சொன்னார்.

"டேய், கண்ணு பட்டுருச்சுடா. வாத்தி கண்ணுதான். கடைக்கு ஒரு சுத்து சுத்திப் போடு. கண்ணு போற வரைக்கும் போடு."

கடைசி வாக்கியத்தை நன்றாகக் கவனிக்கவேண்டும். பின்னால் நான் எத்தனையோ இடத்தில் இதைச் சாட்சி சொன்னேன்; ஒருவரும் காதில் வாங்கவில்லை.

சுத்திப் போடுவது எப்படியென்று நம் வீடுகளில் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பு, கடுகு, காய்ந்த மிளகாய், தெருமண் எல்லாவற்றையும் கைக்குள் அடக்கி, கண் பட்டவரைச் சுற்றி, நெருப்பில் போடுவது. சாதாரண நாளில் நெருப்பில் மிளகாய் விழுந்தால் வீட்டில் ஒருவர் நிற்க முடியாது. ஆனால் கண் பட்டிருந்தால் நெடியே வராது. அந்தக் கண் நெடியைத் தின்றுவிடும். நெடி எழும்பி நாலுபேர் இருமினால்தான் கண் கழிந்தது என்று அர்த்தம்.

கடையைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றி ஒரு பிடி போட்டேன். மப்ளரைச் சற்று இறக்கி முகர்ந்து பார்த்தேன்.

ஒன்றுமே இல்லை.

மூட்டையைப் பிரித்து இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டேன். மிளகாய் கறுத்துச் சுருண்டு புகைந்தது. மூக்கை அடுப்புக்கு நேராக நீட்டி முகர்ந்தேன். சுத்தமாக நெடி இல்லை. கண்ணெரிந்தது; அது காலையிலிருந்தே எரிகிறது. தொண்டை கமறியது, சளி பிடித்தால் கமறாதா? தண்டவாளத்துப் பக்கமிருந்து காற்று என் முதுகில் சுகமாக அடித்து, புகையை எனக்கு எதிர்ப்பக்கமாக, மனையை நோக்கிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை. மூக்கடைத்திருப்பதையும் யோசிக்கவில்லை. ஒரு கவலைக்காரனுக்கு, இருப்பதிலேயே பயங்கரமான காரணம் கையில் இருக்கும்போது சாதாரணக் காரணம் தோன்றாது.

இது வாத்தியார் ஒருவரின் கண்ணாக இருக்கமுடியாது என்று நினைத்தேன். அவர் கண்ணே ஒட்டிப்போன கண். முறத்தில் அள்ளிப் போட்டேன். அப்போதும் நெடி வராமல் போகவே, உச்சந்தலையில் சம்மட்டியால் அடித்தது போல உண்மை புலப்பட்டது. கடையின் மேல் பட்டது யாருடைய கண் என்று எனக்கல்லவா தெரியும்! அங்கே கூலிக்கு நின்றுகொண்டு, வழக்கு தோற்றுத் தங்கைக்கு இடம் கிடைக்கட்டும் என்று பால்குடம் வேண்டிக்கொண்டவன் நான்தானே. வீட்டுக்குள்ளேயே இருக்கிற கண். இதுதான் இவ்வளவு நெடியையும் தின்கிறது.

இன்னொரு பிடி எடுத்து என்னையே நான் சுற்றிக்கொண்டேன். பிறகு மூட்டையின் வாயை அடுப்பில் சாய்த்தேன்.

புகை மஞ்சளாக, கெட்டியாக எழுந்து உருண்டு போனது. அதன் ஊடே, நீர் வழிகிற கண்ணால் மனையைப் பார்த்தேன். முதலாளி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். துரையின் தொப்பி தரையில் கிடந்தது; துரையைக் காணோம். விலை கேட்க வந்த சொந்தக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் ஓடினார்கள். படுத்திருந்த மாடு எழுந்து, வண்டிக்காரரைக் கேட்காமல் வண்டியோடு புறப்பட்டுவிட்டது. பார்த்தீர்களா, கண் எல்லோரையும் தாக்கிவிட்டது என்று எண்ணி, மூட்டையில் மிச்சமிருந்ததையும் உதறினேன்.

வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, குடையை விரித்துக் கேடயம் போல முன்னால் பிடித்தபடி ஓர் உருவம் தவழாத குறையாக என்னிடம் வந்து சேர்ந்தது. நல்லதம்பிக் கிராணி.

"தம்பி, என்னடாப்பா செய்யிறாய்? துரை செத்துப் போவார்."

"சுத்திப் போடுறேங்க. நெடியே வரலைங்க."

கிராணி குடைக்கு மேலாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு மப்ளரைப் பிடித்து இழுத்தார். அப்படியே என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மனையிலிருந்த மற்றவர்கள் ஓடிப் புகுந்தது பள்ளிக்கூடத்துக்குள். திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். நாங்கள் மாடியேறியபோது துரை ஒரு குட்டி பெஞ்சில், பையன்களுக்கு நடுவில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, வாத்தியார் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். முகம் என் மூட்டைச் சரக்கின் நிறத்தில் இருந்தது. முதலாளிக்குப் பேச்சே வரவில்லை. அவர் கடையில் நான் சேர்ந்ததிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை.

பிள்ளைகளைத்தான் துரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன்கூட ஓடவில்லை, அழவில்லை. மனைப் பக்கத்து ஜன்னல்கள் சாத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு பையனும் சிலேட்டு துடைக்கிற ஈரத்துணியை இடதுகையால் மூக்கில் பிடித்துக்கொண்டு வலதுகையால் எழுதிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லி அவர்கள் அப்படிச் செய்யவில்லை. எங்கள் கடையில் மிளகாய் வறுக்கும் நாளெல்லாம் செய்து செய்து பழகிப்போனது. துணியைப் பிடித்துக்கொண்டே எழுதத் தெரிந்தால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. (என் காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். கடைக்குப் போன பிறகு மறந்துவிட்டது.)

இது தினமும் நடப்பதா என்று துரை கேட்டதைக் கிராணி எல்லோருக்கும் பொதுவாகத் தமிழில் கேட்டார். வாத்தியார் பக்கத்துக் கடைக்காரரைக் காட்டிக்கொடுக்கத் தயங்கினார். பதில் பின்னாலிருந்து, மாடிப்படியின் மேல்முனையிலிருந்து வந்தது. ஈரப் பாவாடை நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு பாக்கியம் நின்றிருந்தாள்.

"தெனம் இல்லீங்க. மஞ்சள்னா ஒண்ணும் ஆகாது. மல்லின்னா நல்லாருக்கும். மொளகாய்க்குத்தான் துணி. வறுக்குறது எங்கண்ணன், இன்னிக்குக் கொஞ்சம் கூட."

என்னைக் கைநீட்டிக் காட்டினாள், பெருமையாக. மாடி மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அந்த நேரத்தில் என் மூக்கு, பழிதீர்ப்பது போல, பட்டென்று திறந்துகொண்டது. உள்ளே வந்த நெடியில் நான் இருமிய இருமலுக்கு வாத்தியாரின் கரும்பலகை ஆடியது என்று சொல்வார்கள். ஆடியிருக்கும்.

துரை பாக்கியத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். கிராணி குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீ ஏன் பிள்ளை வெளியில நிக்கிறாய்? உள்ளுக்கு வந்து இரன்."

"எனக்கு உள்ள எடமில்லீங்க."

வாத்தியார் சாத்தியிருந்த ஜன்னலைக் காட்டினார். அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் மனை இருந்தது. கிராணி அதை மொழிபெயர்த்தாரா என்று எனக்குத் தெரியாது. துரை, பையன் ஒருவன் கொடுத்த ஈரத்துணியை மூக்கில் வைத்தபடியே எழுந்து போய் ஜன்னல் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். திறக்கத் துணியவில்லை.

சில வாரம் கழித்து போர்டின் முடிவு வந்தது. கடை வரிசையில் கடைகள் இருக்கலாம். ஆனால் மிளகாய் வறுப்பது என்பது தோல் பதனிடுவது, கொழுப்புருக்குவது போன்ற பக்கத்தாரை வதைக்கும் தொழில்களோடு சேர்ந்தது. ஊர் நடுவில் கூடாது. ஊருக்கு வெளியே கொண்டுபோகவேண்டும். மனையில் பள்ளிக்கூடம் கொட்டகை போட்டுக்கொள்ளலாம். கூச்சலைப் பற்றிய மனுவுக்குப் பதில் ஒரு வரிகூட இல்லை.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்று முடிவுகட்டி, அம்மாவிடம் அழுதுவிட்டு, கடைச்சாவியைத் துணியில் முடிந்து எடுத்துப்போனேன். அவர் சாவியை வாங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"நாந்தானடா போடச் சொன்னேன். ஒரு புடி போடுவேன்னு நெனச்சேன். ஒரு மூட்டை போடுவியா?"

"கண்ணு போற வரைக்கும் போடச் சொன்னீங்க, மொதலாளி."

"போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

"எல்லாமே போயிருச்சு" என்றார். பிறகு, புகையைப் போட்டவனே புகையோடு போய் உட்காரட்டும் என்று, ஊருக்கு வெளியே சாலாக் செலாத்தானில் ஒரு மலாய்க் கிராமத்து ஓரமாக அடுப்பு போட்டு என்னை அங்கே அனுப்பிவைத்தார். தண்டனைதான். ஆனால் அங்கே இடம் தாராளம், அரைக்க மெஷினும் வந்தது, வேலை கெடவில்லை. நான் கல்யாணம் செய்து பிள்ளை குட்டி பெற்றதும் அங்கேதான்.

ஊரார் விஷயத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். தங்கையின் படிப்புக்காகப் கையிலிருந்த வேலையையும் பார்க்காமல், துரை முன்னாலேயே துணிந்து மிளகாயைக் கொட்டிய வீரன் என்று என்னைச் சொல்லத் தொடங்கினார்கள். கொட்டகை திறந்த அன்று வாத்தியார் எனக்கு மாலை போட்டார். எனக்கு மூக்கடைத்திருந்தது ஐயா, அவ்வளவுதான் என்றேன். என்ன அடக்கம் என்று கண்கலங்கினார். தவுக்கே எனக்கு இலவசமாகக் கோப்பி கொடுத்தார். அன்றே முதலாளிக்கும் கொடுத்ததாகப் பிறகு தெரிந்தது. முதலாளி கடைசிவரை என்னைப் பார்க்கும்போதெல்லாம், நிஜமாகவே மூக்கடைத்திருந்ததா என்று ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு.

பால்குடம் எடுத்தேன். முருகன் எந்த மனுவை எடுத்து எந்த மனுவைத் தள்ளினான் என்று உறுதியாகத் தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று மொட்டையும் போட்டுக்கொண்டேன்.

பாக்கியம் அந்தக் கொட்டகையில் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தாள். பதினோராம் வாய்பாட்டை ரயில் போனாலும் நிறுத்தாமல் சொல்லக் கற்றாள். பிறகு வாத்தியாரம்மாவாகி, எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, இப்போது ஓய்வில் என் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருக்கிறாள்.

போன தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தோம். சின்ன மருமகள் உள்ளே எதற்கோ தாளித்தாள். மிளகாய் கொஞ்சம் கருகிவிட்டது போலிருக்கிறது. பேரப் பிள்ளைகள், சம்பந்திகள், கோழிக்குஞ்சு வரை இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்கள். பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் குடும்பத்தில் இந்த நெடி எழும்போதெல்லாம் யாராவது சொல்லியே தீரவேண்டியதைச் சொன்னாள்.

"அண்ணே, உள்ள யாரோ பள்ளிக்கூடம் கட்டுறாங்க."

எல்லோரும் இருமலுக்கு நடுவே சிரித்தார்கள். நான் மட்டும் அவசரமாக ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். நெடி நன்றாகவே ஏறியது. அப்படியானால் வீட்டின் மேல் யார் கண்ணும் இல்லை. அன்று ஒரு நாள் நான் கவலையில்லாமல் சாப்பிட்டேன்.